அளவு எடுக்காத போர்வை: ஜீஸ் பெண்ட் அன்றும் இன்றும்

மிசூரி பெட்வே 1942-ல் தைத்த போர்வை ஒன்று இப்போது வாஷிங்டனில் அமெரிக்காவின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைப் பிரித்துத் தைத்த போர்வை அது. அவரை மறக்காமலிருக்கவும், அந்த அன்பையே போர்த்திக்கொண்டு படுக்கவும் இதைத் தைக்கப்போகிறேன் என்று அம்மா சொன்னதை, பக்கத்தில் உட்கார்ந்து கைகொடுத்த மகள் ஆர்லோன்சியா பல்லாண்டுகள் கழித்து நினைவுகூர்ந்திருக்கிறார். பருத்திக் காட்டில் வெயிலும் வியர்வையும் பட்டு வெளுத்த துணி. கால்சட்டையின் கால் எவ்வளவு நீளம் கொடுத்ததோ, பட்டையும் அவ்வளவு நீளம். அது போதாத இடத்தில் இன்னொரு துண்டு. கலைக்கூடத்துச் சுவருக்கென்று யாரும் நினைத்துத் தைத்ததல்ல, துக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் குளிருக்குப் போர்த்திக்கொண்டது.

மிசூரியின் ஊர் ஜீஸ் பெண்ட். அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்து வில்காக்ஸ் கவுண்ட்டியில் இருக்கிறது. அரசாங்க ஏட்டில் அதன் பெயர் பாய்க்கின். அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொள்ள, நடுவில் மாட்டிக்கொண்ட நிலம். 1816-ல் ஜோசப் ஜீ என்ற வெள்ளைக்கார முதலாளி இங்கே பருத்திப் பண்ணை போட்டார். 1845-ல் கடனுக்கு ஈடாக அது உறவினர் மார்க் பெட்வேயின் கைக்குப் போனது. அவர் வடக்குக் கரோலினாவிலிருந்து நூறு பேர் அளவில் அடிமைகளை நடத்தியே கூட்டிவந்தார். இன்று ஊரில் பலருக்குப் பெட்வே என்ற பெயர் இருப்பதற்கு அதுதான் காரணம்: முதலாளியின் பெயர் அடிமைகளின் பெயராகி, பேரப்பிள்ளைகள் வரைக்கும் வந்துவிட்டது. அடிமைமுறை ஒழிந்த பின்னும் நிலம் அவர்களுடையதாகவில்லை. வாரத்துக்கு உழுதார்கள், விதைக்கும் உரத்துக்கும் வியாபாரியிடம் கடன்பட்டார்கள். 1932-ல் கேம்டன் ஊரில் கடன் கொடுத்துவந்த வியாபாரி இறந்துபோனதும், அவருடைய மனைவி தரப்பு ஆட்கள் வந்து அறுபது குடும்பங்களின் வீடுகளில் இருந்த தானியம், மாடு, கோவேறு கழுதை, கோழி, கலப்பை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தை ஊர் கடந்தது செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவால்.

இந்த ஊரின் போர்வைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் வண்ணத்தில் தொடங்குவார்கள். நான் குளிரில் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். மரக்கட்டைகளை அடுக்கி மண்பூசிய வீடுகள், இடுக்கெல்லாம் காற்று. 1937-ல் அரசாங்கத்தின் சார்பில் வந்த ஆர்தர் ராத்ஸ்டீன் எடுத்த படங்களில் அந்த வீடுகளின் உள்சுவர் முழுக்கச் செய்தித்தாளும் பத்திரிகைப் பக்கங்களும் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். காற்றை அடைக்கத்தான் காகிதம். அதற்குமேலும் உள்ளே வந்த குளிரைத் தடுக்கப் போர்வை. ஒரு போர்வை போதாது, ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து வேண்டும். கதவிடுக்கில் தொங்கவிடவும் தரையில் விரிக்கவும் இன்னும் சில. பிள்ளைகள் நிறைந்த வீட்டில் ஒரு தாய்க்கு வருடந்தோறும் புதிதாகப் போர்வை தைத்தே ஆகவேண்டியிருந்தது.

அதற்குத் துணி எங்கே? கடைத்துணிக்குக் காசு இல்லை. கிழிந்து, ஒட்டுப்போட்டு, மறுபடி கிழிந்து இனி உடுத்தவே முடியாது என்று ஆன வேலை உடுப்புதான் முதல் வரவு. அதற்குப் பிறகு மாவு மூட்டை, சர்க்கரை மூட்டை, உரச் சாக்கு. சாக்கின் வாய்த்தையலைப் பிரித்து அந்த நூலையே உருட்டி வைத்துக்கொண்டு தைப்பார்கள். நடுவில் வைக்கப் பஞ்சு வேண்டுமே, அது அறுவடை முடிந்த காட்டில் செடியில் தங்கிப்போனது, அல்லது பருத்தி அரைக்கும் ஆலையின் தரையில் கூட்டிப் பெருக்கியது. அதைப் பரப்பிக் குச்சியால் அடித்து அடித்துப் படிய வைப்பார்கள். மேலே துண்டுகள் இணைத்த துணி, நடுவே பஞ்சு, அடியில் சாக்குத் துணி. மூன்றையும் மரச்சட்டத்தில் இழுத்துக்கட்டி, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிச் சேர்த்தால் குவில்ட் என்கிற ஒட்டுப் போர்வை. மேல்துணியை ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் தனியாக இணைப்பாள். சட்டத்தில் கட்டியபின் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து நாலுபுறமும் உட்கார்ந்து பாட்டும் பேச்சுமாகத் தையலை முடித்துக் கொடுப்பார்கள். மேல்துணி அவளுடைய முடிவு, மற்றது ஊர் உழைப்பு. இந்தப் பிரிவினையை அவர்கள் கண்டிப்பாகக் காத்தார்கள்.

தைக்கும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். திட்டமில்லாமல் தைத்தார்கள் என்றால் மனம்போனபடி இழுத்து இணைத்தார்கள் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அவர்களிடம் சில அடிப்படை அமைப்புகள் இருந்தன. ஹவுஸ்டாப் என்று ஒன்று: நடுவில் ஒரு சதுரத் துண்டு. அதன் ஒரு பக்கத்தில் ஒரு பட்டை, அடுத்த பக்கத்தில் இன்னொரு பட்டை, நாலு பக்கமும் சுற்றி வந்ததும் மறுபடி முதல் பக்கம். சதுரத்துக்குள் சதுரமாகப் பெருகிக்கொண்டே போகும், மேலே நின்று கூரையைப் பார்க்கிற மாதிரி. இந்த அமைப்பின் அழகே, எவ்வளவு துணி கையில் இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியவேண்டியதில்லை என்பதுதான். இன்றைக்கு இருக்கிற துணி தீர்ந்தால் நிறுத்தலாம், அடுத்த மாதம் ஒரு சட்டை கிழிந்தால் தொடரலாம். பிரிக்லேயர் என்பது கொத்தனார் செங்கல் அடுக்குகிறபடி இரண்டு பக்கமாகப் படிகட்டிப் போவது. லேஸி கேல் என்பது வெறும் நீளப்பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. இவை எல்லாவற்றையும் தாண்டித் தன் போக்கில் இணைத்ததை, "என் வழி" என்றே சொன்னார்கள்.

பெரும்பாலும் துணியை வெட்டாமல் கிழித்தார்கள். கிழித்தால் நூலோட்டத்தின் வழியே நேராகப் போகும், அளவுகோல் தேவைப்படாது. ஆனாலும் பழந்துணி ஓரங்களில் இழுபட்டிருக்கும், அகலம் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருக்கும். பட்டை குறுகிப்போன இடத்தில் அடுத்த பட்டையைச் சற்று அகலமாக வைக்க வேண்டும். ஒரு சதுரம் சாய்ந்துவிட்டால் அதற்கடுத்த சுற்று அந்தச் சாய்வைத் தாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டும் முந்தைய துண்டுக்குப் பதில் சொல்வதாகவே அமையும். இதைக் கண்ணாலும் கையாலும் மட்டுமே செய்ய முடியும்.

கால்சட்டையில் பை இருந்த இடத்தைப் பாருங்கள். பையைப் பிரித்து எடுத்தால் அதன் அடியில் வெயில் படாத துணி இருக்கும், சுற்றிலும் வெளுத்த நீலம், நடுவில் கரும் நீலச் சதுரம். முட்டி இருந்த இடம் தேய்ந்து வெள்ளையாகியிருக்கும். ஜீஸ் பெண்ட் பெண்கள் அந்தத் தடங்களை மறைக்கவில்லை. எந்தப் பட்டையின் எந்த இடத்தில் அந்தக் கருநீலம் விழ வேண்டும் என்று பார்த்து வைத்தார்கள். லொரெட்டா பெட்வே, லுட்டிஷா பெட்வே போன்றவர்களின் சில போர்வைகளில் பெரும்பாலும் நீலமும் சாம்பலுமே இருக்கும், ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும்: மனோதர்மம் என்பது ராகத்தை விட்டு வெளியே போவதல்ல. ராகத்தின் எல்லை உடம்பில் ஊறிய பிறகுதான், அடுத்த சுரம் எது என்று முன்னமே எழுதி வைக்காமல் ஒருவர் பாட முடியும். ஹவுஸ்டாப்பும் பிரிக்லேயரும் அந்தப் பெண்களுக்கு அப்படி ஊறிப்போயிருந்தன.

இவ்வளவு அழகையும் சொல்லிவிட்டு, இன்னொன்றைச் சொல்லாமல் போனால் அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். லொரெட்டா பெட்வேயே தனக்குத் தைப்பது பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கஷ்டமான வாழ்க்கை, வீட்டு வேலை, காட்டு வேலை, பிள்ளைகள். போர்வை தேவைப்பட்டது, வேறு வழியில்லாமல் தைத்தார். அமெரிக்கக் கலை உலகம் இன்று கொண்டாடும் மிகச் சிறந்த போர்வைகளில் பல, விருப்பமில்லாமல் உட்கார்ந்த ஒரு பெண்ணின் கையிலிருந்து வந்தவை. வறுமை கலையைத் தந்தது என்று இதைப் படிக்கக் கூடாது. வறுமை துணியைத்தான் குறைத்தது. இருந்த துணியில் இதைச் செய்ய முடிந்தது அவருடைய கண்ணின் திறம்.

அந்தத் திறம் எப்படிக் கைமாறியது? பள்ளிக்கூடம் இல்லை, புத்தகம் இல்லை. மேரி லீ பெண்டால்ஃப் பன்னிரண்டு வயதுவாக்கில் அம்மாவிடம் கற்றுக்கொண்டார், முதல் போர்வையை முடிக்க அவருக்கு ஒரு வருடம் பிடித்தது. கை மெதுவானதால் அல்ல, துணி சேர அவ்வளவு காலமானது. வெயில் வந்ததும் எல்லா வீட்டிலும் போர்வைகளை வெளியே கொடியிலும் வேலியிலும் காயப்போடுவார்கள். அதுதான் ஊருக்குக் கண்காட்சி. நடந்துபோகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், யார் எதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று மனத்தில் வாங்கிக்கொண்டு போவார்கள். வீட்டுக்குப் போய் அதை அப்படியே செய்ய மாட்டார்கள், செய்தால் மதிப்பில்லை. அப்புறம் போர்வை நைந்துவிட்டால் அதைக் காப்பாற்றி வைக்கவும் மாட்டார்கள். இன்னொரு போர்வைக்குள் திணிப்பார்கள், அல்லது முற்றத்தில் கொளுத்திப் புகையால் கொசு விரட்டுவார்கள். ஆகவே 1930-களுக்கு முன்னால் தைத்தவற்றில் மிஞ்சியது மிகச் சொற்பம்.

அரசாங்கம் 1930-களின் இறுதியில் நிலத்தை வாங்கி, வீடு கட்டிக் குறைந்த வட்டிக் கடனில் அந்தக் குடும்பங்களுக்கே விற்றது. சொந்த நிலம் இருந்ததால்தான் வாக்குரிமைப் போராட்டத்தின்போது இந்த ஊர்க்காரர்களை யாராலும் வெளியேற்ற முடியவில்லை. 1962-ல் ஆற்றைக் கடக்கும் படகை அதிகாரிகள் நிறுத்தினார்கள். அக்கரையில் இருந்த கேம்டனில்தான் வாக்காளர் பதிவு அலுவலகம் இருந்தது, கறுப்பின மக்கள் அங்கே வந்து சேரக் கூடாது என்பதே நோக்கம். சுற்றுச்சாலையில் போனால் ஒரு மணி நேரம். 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் இந்த ஊருக்கே வந்து பேசினார்.

அந்தப் போராட்டக் காலத்தில்தான் போர்வையின் கதை திசைமாறுகிறது. ஃபிரான்சிஸ் வால்ட்டர் என்ற எபிஸ்கோப்பல் பாதிரியார் அந்தப் பக்கம் போனபோது கொடியில் தொங்கிய போர்வைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் பத்து டாலர் கொடுத்து வாங்கி நியூயார்க்கில் ஏலம் விட்டார். 1966-ல் ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ என்ற கூட்டுறவு அமைப்பு தொடங்கியது. எஸ்டெல் விதர்ஸ்பூன் அதை நடத்தினார். சொந்த நிலம் இல்லாததால், வாக்காளராகப் பதிந்ததற்காகத் துரத்தப்பட்ட சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்குச் சங்கம் மனை விற்றது. பல பெண்களுக்கு வாழ்க்கையில் முதன்முதலாகத் தங்கள் பெயரில் சம்பளம் வந்தது இந்தத் தையலால்தான். இதன் பெருமையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் போர்வை மாறிப்போனது. வோக் பத்திரிகை எழுதியது, புளூமிங்டேல்ஸ் போன்ற பெரிய கடைகள் வாங்கின. கடைக்காரருக்கு நூறு போர்வை வேண்டுமென்றால் நூறும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மூலை மூலையோடு சேர வேண்டும், தையல் சீராக ஓட வேண்டும், நிறம் பட்டியலில் உள்ளபடி இருக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் அளவு எடுக்காமல் தைத்த பெண்கள் வார்ப்பு அட்டையை வைத்து வெட்டக் கற்றுக்கொண்டார்கள். சிலருக்கு அது கைவரவேயில்லை. இன்னும் சிலர் பகலில் சங்கத்தில் ஒழுங்காகத் தைத்துவிட்டு, இரவில் வீட்டில் தங்கள் வழிக்குத் திரும்பினார்கள்.

1972-ல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய்த் துணியில் தலையணை உறை தைத்துத் தரச் சொல்லிப் பெரிய ஒப்பந்தம் கொடுத்தது. மாதக்கணக்கில் ஒரே உறை, ஒரே அளவு. திட்டம் முழுக்க இன்னொருவர் கையில் இருந்த வேலை அது. வெட்டியதுபோக மீந்த துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். பொன் மஞ்சள், இலைப்பச்சை, ஆரஞ்சு, செர்ரிச் சிவப்பு என்று இதுவரை அந்த வீடுகள் காணாத நிறங்கள். கார்டுராய் தடித்தது, சின்னச் சின்னதாக நறுக்கி நுணுக்கமாக இணைக்க ஒத்துவராது. ஆகவே பெரிய பட்டைகளாக, பெரிய கட்டங்களாக வைத்தார்கள். வரிவரியான அந்தத் துணியைத் திருப்பித் திருப்பி வைத்தால் ஒரே நிறமே வெளிச்சத்தில் இரண்டாகத் தெரியும். 1970-களின் ஜீஸ் பெண்ட் போர்வைகளில் வெடித்து நிற்கிற அந்த நிறங்கள், ஒரு தொழிற்சாலை ஒழுங்கு கொட்டிய கழிவிலிருந்து பிறந்தவை. ஆனி மே யங் 1976-ல் தைத்ததில் இரண்டு காலமும் சேர்ந்து நிற்கிறது: நடுவில் கார்டுராய்ப் பட்டைகள் கனன்றுகொண்டிருக்க, சுற்றிலும் பழைய வேலை உடுப்பின் வெளுத்த நீலம்.

இதற்கிடையே ஊர் மெல்ல வடிந்தது. மில்லர்ஸ் ஃபெர்ரியில் கட்டிய அணை நல்ல வயல்களை நீரில் மூழ்கடித்தது. இளைஞர்கள் நகரங்களுக்குப் போனார்கள். கடையில் கம்பளி மலிந்தது. தைக்கிற கைகள் குறைந்தன.

கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகளைச் சேகரித்துவந்த அட்லாண்டாவின் வில்லியம் ஆர்னெட், ஒரு புத்தகத்தில் விறகு அடுக்கின்மேல் கிடந்த ஆனி மே யங்கின் போர்வைப் படத்தைப் பார்த்து 1998-ல் தேடிக்கொண்டு வந்தார். கட்டிலுக்கடியிலும் பரணிலும் கிடந்தவை வெளியே வந்தன. 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், அதே ஆண்டு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அவை சுவரேறின. நவீன ஓவியர்களோடு சேர்த்துப் பேசினார்கள் விமர்சகர்கள். 2006-ல் அஞ்சல்துறை பத்துப் போர்வைகளைத் தபால்தலையாக்கியது. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் முதல் பல இடங்கள் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தைத்தவரின் பெயர் இருந்தது. இதற்குமுன் அமெரிக்க அருங்காட்சியகங்களில் கறுப்பினப் பெண்களின் போர்வைகள் பெரும்பாலும் பெயரில்லாமல் தொங்கியவை. புகழிலெல்லாம் பெரிய மாற்றம் இதுதான் என்பேன்.

புகழ் வந்த அளவுக்குப் பணம் வந்ததா என்ற கேள்வியும் உடன் வந்தது. போர்வை வடிவங்கள் விரிப்பிலும் வீட்டுப் பொருள்களிலும் அச்சாயின. 2007-ல் ஆனி மே யங், லொரெட்டா பெட்வே உள்ளிட்ட மூவர் தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்று ஆர்னெட் குடும்பத்தார்மீது வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் குற்றச்சாட்டை மறுத்தார்கள், 2008-ல் வழக்குகள் சமரசமாக முடிந்தன. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் அரைநூற்றாண்டு தைத்த ஒரு பெண் தன் வடிவத்துக்கு விலை சொல்லும் உரிமை கேட்டு நீதிமன்றப் படியேறியது, வாக்குப் பதிவுக்காகச் சுற்றுச்சாலையில் போன தலைமுறையின் தொடர்ச்சியாகவே எனக்குப் படுகிறது.

இன்று ஊரில் தைக்கிறவர்களின் நிலைமை தலைகீழ். துணி கடையில் கிடைக்கிறது, தேவையைவிட அதிகமாகவே. பஞ்சு உருளையாக வாங்கலாம். தையல் இயந்திரம் பல வீடுகளில் இருக்கிறது. அன்று பாட்டிக்கு இருந்தது மூன்று நிறம், பேத்திக்கு முந்நூறு. அந்தத் தாராளத்தில் அடுத்த துண்டு எது என்று எப்படி முடிவெடுப்பது? மேரி லீயின் மருமகள் லூயிசியானா பெண்டால்ஃப் இதற்கு நல்ல உதாரணம். ஆடைத் தொழிற்சாலைகளில் வேலைபார்த்தவர், போர்வை தைப்பதை விட்டுவிட்டவர். 2002-ல் ஹூஸ்டன் கண்காட்சிக்குப் பேருந்தில் போய்விட்டுத் திரும்பும் வழியில் போர்வை வடிவங்கள் மனத்துக்குள் வந்துகொண்டே இருக்க, அவற்றைக் காகிதத்தில் வரையத் தொடங்கினார். அவருடைய மாமியார் காலத்தில் யாரும் வரைந்து பார்த்துத் தைத்ததில்லை. திட்டமில்லாத கலை இங்கே முடிந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. அவருடைய போர்வைகளில் ஹவுஸ்டாப் இருக்கிறது, ஆனால் நடுச்சதுரம் ஓரத்துக்கு நகர்ந்துவிடும், பட்டைகள் பாதியில் திசைமாறும். அன்று துணிப் பஞ்சம் வைத்த எல்லையை இன்று அவரே தனக்கு வைத்துக்கொண்டு, அதற்குள் நின்று துண்டோடு துண்டாகப் பேசுகிறார். முன்னதைவிட இது எளிது என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

ஊருக்கு வெளியே இந்த முறை உலகளவில் பாடமாகிவிட்டது. 1979-ல் ஓல்ஃபா நிறுவனம் துணிக்கென்று சுழல் கத்தியைக் கொண்டுவந்த பிறகு, அளவுகோலும் விரிப்புப் பலகையும் வைத்து நூறு துண்டை ஒரே அளவில் நிமிடத்தில் வெட்டலாம் என்றானது. சீர்மை மலிந்துவிட்ட இடத்தில் சீர்மையில்லாததற்கு ஏக்கம் பிறப்பது இயற்கை. ஜீஸ் பெண்ட் கண்காட்சிக்குப் பிறகு, திட்டமில்லாமல் தைப்பதற்கு வகுப்புகளும் நூல்களும் பெருகின. நல்லதுதான், பலருடைய கை அதனால் விடுபட்டிருக்கிறது. ஆனால் கடையில் இரண்டரை அங்குல அகலத்தில் முன்னமே வெட்டிச் சுருட்டிய புதுத்துணிச் சுருளை விலைக்கு வாங்கிவந்து அதைத் துண்டுத் துணிப் போர்வை என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தத் துணியில் முட்டித் தேய்வு இல்லை, பைத் தடம் இல்லை, எதிர்ப்பு இல்லை. எந்த இடத்திலும் எதையும் வைக்கலாம் என்னும்போது, வைத்தது சரியா தவறா என்று துணி சொல்லாது.

இது அமெரிக்காவின் தனிச்சொத்தும் அல்ல. நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில், உத்தர கன்னட மாவட்டத்து ஹளியாள், யெல்லாப்பூர் பகுதிகளில் வாழும் சித்தி மக்களின் முன்னோரும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களே. அவர்களுடைய பெண்கள் தைக்கும் கவந்திப் போர்வை ஒரு மூலையில் தொடங்கி ஓரத்தோடு சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும், ஹவுஸ்டாப்புக்கு நேர் எதிர்த் திசை. அடியில் பழைய புடவை, மேலே கிடைத்த துண்டெல்லாம். நாலு மூலையிலும் மடித்த துண்டுகளால் 'பூ' வைத்தால்தான் போர்வை முழுமையாகும், இல்லாவிட்டால் அது நிர்வாணமாக இருக்கிறது என்பார்கள். இரண்டு ஊருக்கும் ஆப்பிரிக்க நினைவுதான் காரணமா, பழந்துணியும் தேவையும் எங்கும் இப்படித்தான் கையைப் பழக்குமா என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

ஜீஸ் பெண்ட்டுக்குத் திரும்புவோம். ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ 2012-ல் மூடப்பட்டது. 2006-ல் படகு மறுபடி ஓடத் தொடங்கியது, 2019-ல் அது மின்சாரத்தில் ஓடும் படகாகவும் ஆயிற்று. 2021 முதல் எட்சி இணையச் சந்தையில் பெண்கள் தங்கள் பெயரிலேயே கடை வைத்து நேராக விற்கிறார்கள், ஆயிரக்கணக்கான டாலருக்குப் போர்வைகள் போகின்றன. 2024-ல் டார்கெட் கடைகள் ஐந்து பெண்களின் வடிவங்களை வாங்கி நாடு முழுக்க விற்றபோது, விற்பனையில் பங்கு தராமல் ஒரு மொத்தத் தொகையோடு முடித்துக்கொண்டது பற்றிப் பத்திரிகைகள் கேள்வி எழுப்பின. 2022-லிருந்து ஒவ்வொரு அக்டோபரிலும் ஊரில் போர்வைகளை வெளியே காயப்போடும் விழா நடக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்து, தைத்தவரிடமே பேசி, அவர் சொன்ன விலைக்கு வாங்குகிறார்கள். எந்தத் துண்டு எங்கே என்பது எப்போதும் அந்தப் பெண்களின் முடிவாகத்தான் இருந்தது. இந்த வேலைக்கு என்ன கூலி என்பதும் அவர்களுடைய முடிவாகும்போதுதான் இந்த மாற்றம் நிறைவடையும். அது இன்னும் பாதிவழியில் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுத் தைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கடைக்குப் போக வேண்டாம். நைந்த நூல் புடவை, காலர் கிழிந்த சட்டை, மகன் வளர்ந்து விட்டுப்போன கால்சட்டை என்று வீட்டில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். மூன்று நான்கு நிறத்துக்குமேல் எடுக்காதீர்கள். நூலோட்டம் பார்த்துக் கிழியுங்கள். முதல் துண்டைத் தரையில் வைத்துவிட்டு அதன் பிறகு இரண்டாவதைத் தேடுங்கள், பட்டை குட்டையாகிப் போனால் ஒட்டுப்போட்டு நீட்டுங்கள், ஒட்டை மறைக்க வேண்டாம். முடிந்ததும் பின்பக்க மூலையில் தைத்தவர் பெயரையும், யாருடைய துணி என்பதையும், ஆண்டையும் நூலால் எழுதிவிடுங்கள். உங்கள் பாட்டி தைத்த விரிப்பு ஏதாவது பரணில் இருந்தால், அவர் பெயரை முதலில் அதில் எழுதுங்கள்.